அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டே இருக்கிறது, டிபி இல்லையாம். மீசோதீலியோமா என்றால் என்ன?

கேள்வி, 12.02.2024

அப்பாவுக்கு 69 வயது. கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். நவம்பரில் இருந்து வலது பக்கம் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது. மூன்று தடவை ஊசி போட்டு எடுத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. சளியில் கிருமி எதுவும் தெரியவில்லை. இப்போது வேறொரு டாக்டர் மீசோதீலியோமாவாக இருக்கலாம், சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அது நுரையீரல் புற்றுநோய்தானா? அப்பா பீடி சிகரெட் தொட்டதே இல்லை. பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். தெரிந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

12.02.2024, இரவு 10.40

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துக்கொண்டே வரும்போது எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2018இல் எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான். முதலில் ஒன்று சொல். பாய்லர் பக்கம் என்றால் என்ன வேலை? பிட்டரா, பயர்மேனா, லேக்கிங்கா (சூட்டுக் குழாய்க்குக் கல்நார்ப் பூச்சு போடுவது)? லேக்கிங் என்றால் மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், நாளைக்கே டாக்டரிடம் அதைச் சொல். அவர் கேட்காவிட்டாலும் சொல். சீட்டில் எழுதச் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மீசோதீலியோமா நுரையீரலுக்குள் வருவதில்லை. நுரையீரலைச் சுற்றி இரண்டு சவ்வு உண்டு. வெங்காயம் உரிக்கும்போது இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஒரு மெல்லிய தோல் கழன்று வரும் இல்லையா, அவ்வளவு மெல்லியது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியிருக்கும், மற்றொன்று விலா எலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். நடுவில் இரண்டு மூன்று ஸ்பூன் நீர், மூச்சு விடும்போது உரசாமல் வழுக்குவதற்காக. அந்தச் சவ்வில் வரும் புற்றுநோய்தான் இது. சவ்வு கெட்டுப்போனால் அந்த இரண்டு ஸ்பூன் நீர் லிட்டர் கணக்கில் ஊறும். எடுக்க எடுக்க ஊறும். வயிற்றைச் சுற்றியுள்ள சவ்விலும் இது வரலாம், ஆனால் பெரும்பாலும் நெஞ்சில்தான்.

முக்கியமான காரணம் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ். சிகரெட் பழக்கம் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், அது இல்லாதது நல்லது.

13.02.2024, காலை 6.15

தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பாவைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

அப்பா 1977இல் ஒரு காண்ட்ராக்டரிடம் லேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆள் பெயரும், வேலை நடந்த ஆலையின் பெயரும் இங்கே வேண்டாம். லேக்கிங் என்பது நீராவிக் குழாய்க்குச் சட்டை போடுகிற வேலை. குழாயில் இருந்து சூடு வெளியே போகக் கூடாது, தெரியாமல் தொடுகிறவன் கை வெந்துவிடக் கூடாது. அதற்காகக் கல்நார்த் தூளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். மூட்டையைக் கிழித்துத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, கையாலேயே குழைத்து, குழாயின் மேல் அப்புவார்கள். மேலே கோழிவலை சுற்றி, இன்னொரு பூச்சு, கரணையால் மெழுகல். இதில் தூசி பறப்பது இரண்டு இடத்தில். மூட்டையைக் கொட்டும்போது ஒன்று. பழைய பூச்சை உடைத்து எடுக்கும்போது இன்னொன்று, அதுதான் ரொம்ப மோசம். வருடாவருடம் பாய்லரை நிறுத்திப் பராமரிப்பு நடக்கும் நாட்களில் பழையதைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பார்கள். பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாதாம். வெளியே வந்தால் பிட்டர்கள் "பவுடர் போட்ட மாப்பிள்ளைங்க வராங்கடா" என்று சிரிப்பார்களாம். அப்பா இதைச் சந்தோஷமாகத்தான் சொல்வார்.

சாயந்திரம் வீட்டு வாசலில் நின்று காக்கிச் சட்டையைக் கழற்றி இரண்டு உதறு உதறுவார். தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தத் தூசி மினுமினுக்கும். நானும் என் தங்கையும் அதைப் பிடிக்கக் கை நீட்டுவோம். பாக்கெட்டின் அடித் தையலில் எப்போதும் வெள்ளையாக, பஞ்சு மாதிரி சுருண்டு கிடக்கும். அம்மா அதை விரலால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் துவைகல்லில் அடிப்பார்.

வீட்டில் ஒரு கரித்துணி இருந்தது. சாம்பல் நிறத்தில் முரட்டு நெசவு, ஒரு முழம் நீளம். கல்நார்த் துணி, வேலையில் மிஞ்சிய துண்டு. சோற்றுப் பானையை இறக்க அதைவிட நல்லது கிடையாது, அடுப்பில் விழுந்தாலும் கருகாது. பக்கத்து வீட்டு அத்தை கேட்டார் என்று அவருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தோம்.

14.02.2024

முந்தாநாள் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. மருத்துவம் படிக்கும் ஒரு தம்பி சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி. புகைப் பழக்கத்துக்கும் மீசோதீலியோமாவுக்கும் சம்பந்தம் இல்லை. கல்நார்த் தூசியோடு சிகரெட்டும் சேர்ந்தால் பல மடங்கு ஏறுவது நுரையீரல் புற்றுநோய். அது வேறு நோய், அதையும் கல்நார் கொண்டுவரும். தங்கச்சி, உன் அப்பா சிகரெட் தொடாதவர் என்பதை வைத்து "இது வர வாய்ப்பில்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதே. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் நம்பினோம்.

15.02.2024

அப்பா லேக்கிங்தான், 12 வருடம் என்று பதில் போட்டிருக்கிறாய். சரி. டாக்டரிடம் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் பல தடவை படித்தேன். எங்கள் அப்பாவிடம் ஐந்து மாதம் யாருமே அதைக் கேட்கவில்லை. "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டவர்களிடம் அப்பா "ரிட்டையர்டு" என்பார், இல்லாவிட்டால் "வாட்ச்மேன்" என்பார். கடைசி பதினைந்து வருடம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தார், அது பொய் இல்லை. ஆனால் நெஞ்சில் கிடந்தது அதற்கு முன்னால் பார்த்த வேலை.

டிபி மாத்திரை கொடுத்ததற்காக டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இப்போது. நம் நாட்டில் நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோத்தால் முதலில் டிபியை நினைப்பதுதான் முறை, ஏனென்றால் அதுதான் அதிகம். எடுத்த நீரில் ஏடிஏ என்று ஒன்று பார்ப்பார்கள், டிபியில் அது ஏறும். ஆனால் சில புற்றுநோய்களிலும் ஓரளவு ஏறும். அப்புறம் அந்த நீரில் புற்றுநோய் செல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மீசோதீலியோமாவில் பாதிக்குப் பாதி அதில் தெரியவே தெரியாது. அப்பாவுக்கு மூன்று தடவை "செல் இல்லை" என்றுதான் வந்தது. நாங்கள் மூன்று தடவையும் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

அதனால் சதை எடுப்பதைத் தள்ளிப்போடாதே. விலா இடுக்கில் சின்னதாக ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, சவ்வில் இருந்தே துண்டு எடுப்பார்கள். தோராகோஸ்கோபி. நீரும் அப்போதே முழுதாக வடிந்துவிடும். துண்டைப் பரிசோதிக்கும் இடத்தில் கால்ரெடினின், டபிள்யூடி-1 என்று சில சாயங்கள் போட்டுப் பார்த்துத்தான் இது நுரையீரல் புற்றுநோயா, சவ்வுப் புற்றுநோயா என்று பிரிப்பார்கள். ரிப்போர்ட்டில் அந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பார். டிபி மாத்திரையை நீயாக நிறுத்தாதே, டாக்டர் சொல்லட்டும்.

15.02.2024, இரவு

இன்னொன்று. கோணி மூட்டையைத் தூக்கினவர், அந்த மூட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டவர், ஷெட்டைப் பெருக்கினவர், எல்லாருக்கும் இது பொருந்தும். லேக்கர் என்ற பெயர் இருக்க வேண்டும் என்று இல்லை.

19.02.2024

வெள்ளைக் கல்நாரில் ஆபத்து இல்லை, நீலம்தான் விஷம், நம்ம ஊர் கூரை ஷீட்டில் இருப்பது வெள்ளை, தேவை இல்லாமல் பயமுறுத்தாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டடச் சாமான் வியாபாரம் போலிருக்கிறது. அவருடன் சண்டை இல்லை, ஏனென்றால் என் பிழைப்பும் அதுதான். தண்டையார்பேட்டையில் சின்னப் பட்டறை. கிரில் அடிப்பேன், கூரை போடுவேன்.

அவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. நீலம், பழுப்பு இரண்டும் ஊசி மாதிரி நேராக இருக்கும் இழைகள், உடம்புக்குள் போனால் கரையவே கரையாது. வெள்ளை இழை சுருளானது, உடம்பு அதைக் கொஞ்சம் சீக்கிரம் சிதைக்கும். அதனால் மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் பல மடங்கு கொடியவை. ஆனால் வெள்ளை பத்திரமானது என்பது இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதியான பிரிவில் வைத்திருக்கிறது. வெள்ளையைத் தனியாக விட்டுவைக்கவில்லை.

இழை உள்ளே என்ன செய்கிறது? முடியைவிடப் பல மடங்கு மெல்லியது அது. நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். மூச்சோடு நுரையீரலின் கடைசிப் பைகள் வரை போய்விடும். அங்கே தூசியை விழுங்கி ஒழிக்கிற செல்கள் உண்டு. அவை இதை விழுங்கப் பார்க்கும், நீளம் பத்தாமல் பாதியில் நிற்கும், செத்துப்போகும். அடுத்த செல் வரும், அதுவும் சாகும். இப்படி ஒரே இடத்தில் வருடக்கணக்கில் புண். சில இழைகள் நகர்ந்து சவ்வுக்குப் போய்விடும். நோய் தெரிய 20 வருடம் ஆகலாம், 50 வருடம்கூட ஆகலாம். அதனால்தான் வேலையை விட்டு, வாட்ச்மேன் ஆகி, பேரன் பேத்தி எடுத்த பிறகு வருகிறது.

இது நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. 1960இல் வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் தென்னாப்பிரிக்காவில் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு இந்த நோயைப் பார்த்து எழுதினார்கள். எங்கள் அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன்.

20.02.2024

ஷீட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள், கூரையைப் பிரித்துவிடவா என்று. வேண்டாம். பயந்துகொண்டு நீங்களே பிரித்தால்தான் ஆபத்து. ஷீட்டில் கல்நார் சுமார் பத்தில் ஒரு பங்கு, மீதி சிமெண்ட்டும் சாம்பலும். சிமெண்ட் இழையைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். உடையாமல், யாரும் தொடாமல் கிடக்கும் கூரையும், அப்பா குழைத்த தூளும் ஒன்றே இல்லை. வியாசர்பாடியில் 12க்கு 10 வீட்டில் ஆறு பேரோடு இருப்பவரிடம் கூரையை மாற்று என்று நான் எந்த வாயால் சொல்வேன்? பக்கவாட்டில் ஆணி அடிக்காதீர்கள், துளை போடாதீர்கள், பாசியைக் காய்ந்த பிறகு சுரண்டாதீர்கள். அவ்வளவு செய்தாலே பெரிய விஷயம்.

ஆபத்து எங்களுக்குத்தான், வெட்டுகிறவர்களுக்கு. 2016 டிசம்பர் 12 வர்தா புயல். காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கூரைகள் பறந்தன. அடுத்த மூன்று வாரம் எனக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு வேலை. ஷீட்டை நிறுத்தி வைத்து கட்டிங் மெஷினில் அறுத்தேன், வாயில் ஒரு கர்ச்சீப். புருவம், மூக்கு, காது எல்லாம் வெள்ளை. வீட்டுக்குப் போய் வாசலில் சட்டையை உதறினேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது நான் மெஷினில் அறுப்பதில்லை. முடிந்தவரை தகர ஷீட்தான் போடுகிறேன். பழைய ஷீட்டை இறக்க வேண்டி வந்தால் நன்றாகத் தண்ணீர் அடித்து நனைத்து, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டை அறுத்து, ஷீட்டை முழுசாக இறக்குவேன். மேலே இருந்து தள்ளி உடைப்பது கிடையாது. துண்டுகளைக் கெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுவேன். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணிதான். கர்ச்சீப் எதற்கும் உதவாது, கல்நாருக்கென்று உள்ள முகமூடி வேண்டும். பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடுவதற்கு உடைந்த ஷீட் துண்டைத்தான் சில்லாக வைத்திருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு மொசைக் துண்டு கொடுத்தேன். மொசைக் சில்லு வழுக்குகிறதாம், பிடிக்கவில்லை.

26.02.2024

அப்பா வேலைக்குச் சேர்ந்தது 1977 என்று எழுதியிருந்தேன். இன்று அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கேட் பாஸ் கிடைத்தது. 1974. அப்பாவுக்கு 22 வயது. நோய் தெரிந்தது 2018. 44 வருடம்.

கேட் பாஸோடு ஒரு போட்டோவும் கிடைத்தது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், இப்போது முடியவில்லை.

04.03.2024

தங்கச்சி, ரிப்போர்ட் வந்துவிட்டது என்று பார்த்தேன். எபிதீலியாய்டு வகை என்று போட்டிருக்கிறது. மூன்று வகை உண்டு. எபிதீலியாய்டு, சார்க்கோமட்டாய்டு, இரண்டும் கலந்தது. இதில் மருந்துக்குக் கொஞ்சம் படிவது எபிதீலியாய்டுதான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. முழுசாகக் குணமாகும் என்றும் நான் சொல்லப்போவதில்லை, பெரும்பாலும் ஆவதில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அப்பாவிடம் எதை, எப்போது சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். நாங்கள் கடைசி வரை மறைத்தோம். அப்பாவுக்கு முன்பே தெரியும் என்று பின்னால் தெரிந்தது.

கீமோ என்றால் பெமட்ரெக்செட்டும் பிளாட்டினம் மருந்து ஒன்றும் சேர்த்துப் போடுவார்கள். 2003இல் வந்த பெரிய ஆய்வில், சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்து மட்டும் போட்டவர்களின் நடுக்கணக்கு ஆயுள் 9.3 மாதம், இரண்டும் போட்டவர்களுக்கு 12.1 மாதம். பெமட்ரெக்செட்டுக்கு முன்னால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் ஆரம்பித்திருக்க வேண்டும். வாய்ப்புண் வருவது, ரத்த அணு குறைவது எல்லாம் அதனால் மட்டுப்படும். கேட்டு உறுதி செய்துகொள். நிவோலுமாப், இபிலிமுமாப் என்று எதிர்ப்புசக்தி மருந்து இரண்டு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதன் ஆய்வில் 18.1 மாதம், கீமோவில் 14.1 மாதம். விலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது. இருந்தாலும் டாக்டரிடம் கேள், கேட்பதற்குக் காசு இல்லை. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போ, வருடம் 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்துக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடு.

நீர் மறுபடி மறுபடி ஊறுவதற்கு இரண்டு வழி. டால்க் பவுடரை உள்ளே தூவி இரண்டு சவ்வையும் ஒட்டவைப்பது ஒன்று. மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, வீட்டிலேயே நாமே வடித்துவிடுவது இன்னொன்று. எங்கள் அப்பாவுக்குக் குழாய் வைத்தார்கள். அதன் பிறகுதான் மல்லாந்து படுத்துத் தூங்கினார். நாலு மாதத்தில் முதல் தடவை.

வலிக்கு மார்பின் கொடுத்தால் பயப்படாதே. நாங்கள் பயந்து ஒரு வாரம் கொடுக்காமல் வைத்திருந்தோம். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் தாங்கவில்லை.

05.03.2024

அந்த ஆயுள் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. நடுக்கணக்கு என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று அர்த்தம். நேற்று அதை எழுதாமல் விட்டது தப்பு. ராத்திரி முழுக்க உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

21.03.2024

இந்த வாரம் அமெரிக்காவில் வெள்ளைக் கல்நாருக்கும் தடை என்று செய்தி. 18ஆம் தேதி அறிவித்தார்கள். ஆஸ்திரேலியா 2003 கடைசியோடு நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் 2005க்குள், கனடா 2018. நம் நாட்டில் கல்நார் தோண்டுவது கிடையாது. ஆனால் ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற இடங்களில் இருந்து மூட்டை மூட்டையாக இறக்குமதி ஆகிக் கூரை ஷீட்டாகிறது. தோண்டினால் ஆபத்து, இறக்கி அரைத்தால் ஆபத்து இல்லையா? எனக்கு இது புரியவே இல்லை. பிப்ரவரியில் பேசிய அந்த வியாபாரி இதற்குப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும், கேலிக்குக் கேட்கவில்லை.

02.04.2024

அம்மாவை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனேன். காரணம் இதுதான். 1965இல் லண்டனில் ஒரு ஆய்வு நடந்தது. மீசோதீலியோமா வந்த 76 பேரின் வேலை, குடியிருப்பு வரலாற்றைத் தோண்டிப் பார்த்தார்கள். 9 பேர் கல்நார் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. அவர்கள் வீட்டில் ஒருவர் அங்கே வேலை பார்த்தார், அவ்வளவுதான். பெரும்பாலும் பெண்கள். வேலைச் சட்டையைத் துவைத்தவர்கள். வீட்டிலும் வேலையிலும் கல்நார் இல்லாத இன்னும் 11 பேர், ஆலையில் இருந்து அரை மைலுக்குள் குடியிருந்தவர்கள்.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? சும்மா செக்கப் என்றேன். லேப் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவே கேட்டார், "அந்தக் காக்கிச் சட்டைக்காடா?" என்று. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "உதறாம வாங்கன்னு நான் ஒரு நாள் சொல்லியிருக்கலாம்" என்றார். உனக்கு எப்படிம்மா தெரியும், யாருமே சொல்லவில்லையே என்றேன். சொல்ல வேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. லண்டனில் அந்த ஆய்வு வந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் அப்பா வேலைக்கே சேர்ந்தார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கினாலோ ஒரு பக்கம் வலித்தாலோ உடனே வரச் சொன்னார்கள், வரும்போது சட்டைக் கதையைச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

14.04.2024

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லாருக்கும். சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது இது. இ.எஸ்.ஐ. பற்றியும் தொழிலாளர் இழப்பீடு பற்றியும் உள்ள சட்டங்களில் தொழில்நோய்ப் பட்டியல் உண்டு. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் அதில் இருக்கின்றன. 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருடம், இதில் எது அதிகமோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வைத்திருக்க வேண்டும் என்றது. நாற்பது வருடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்துக்கொண்டு வந்தவர்களுக்குப் புரியும்.

காண்ட்ராக்ட் தொழிலாளிக்குக் காகிதம்தான் பிரச்சினை. மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் இருக்காது, காண்ட்ராக்டரே இருக்க மாட்டான். அதனால் கேட் பாஸ், பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளக் கவர், கூட வேலை பார்த்தவரின் வாக்குமூலம், எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். அப்பா போன பிறகுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. எதுவும் கிடைக்கவில்லை எங்களுக்கு.

12.05.2024

சரி, அந்தப் போட்டோ.

1979 ஆயுத பூஜை. காண்ட்ராக்டர் ஷெட்டில் எடுத்தது. ஒன்பது பேர். ஐந்து பேர் பின்னால் நிற்கிறார்கள், நாலு பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கரணை, சுத்தியல், கோழிவலைச் சுருள் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். எல்லாரும் குளித்துச் சலவைச் சட்டை போட்டிருக்கிறார்கள். முன்வரிசை உட்கார்ந்திருப்பது நாற்காலியில் இல்லை, மூட்டைகள் மேல். மூட்டைக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா இடது ஓரம், மூட்டை மேல், மடியில் யாரோ ஒருவருடைய கைக்குழந்தை.

இரண்டரை மாதமாக அந்த ஒன்பது பேரைத் தேடினேன். பெயர் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. எட்டு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர் இல்லை. ஒருவர் லாரி விபத்து. ஒருவர் மாரடைப்பு. இரண்டு பேர் "டிபியில் போயிட்டாரு" என்றார்கள் வீட்டில். நெஞ்சில் நீர் எடுத்தார்களா என்று கேட்டேன். ஒரு வீட்டில் தெரியாது என்றார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மா, "பக்கெட் பக்கெட்டா" என்றார்.

இருக்கிறவர்கள் மூன்று பேர். எர்ணாவூரில் ஒருவர், தண்டையார்பேட்டையில் ஒருவர், மகளோடு ஆவடியில் ஒருவர்.

27.05.2024

மார்ஸ் 2 என்ற பிரிட்டன் ஆய்வு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், இந்த மாதம் முழு விவரமும் வந்துவிட்டது. 335 பேர். கீமோவோடு சவ்வை அறுத்து எடுத்தவர்களுக்கு நடுக்கணக்கு ஆயுள் 19.3 மாதம், கீமோ மட்டும் போட்டவர்களுக்கு 24.8 மாதம். அதனால் அறுவை செய்தே ஆக வேண்டும் என்று யாராவது நகையை விற்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

தங்கச்சியின் அப்பாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்தது. நேற்று நெத்திலிக் குழம்பு கேட்டுச் சாப்பிட்டாராம். குழாய் வைத்த பிறகு மொட்டைமாடி வரை ஏறுகிறாராம்.

09.06.2024

எர்ணாவூர்ப் பெரியவரை நேற்று நெஞ்சு நோய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். 74 வயது. மாமா என்றுதான் கூப்பிடுகிறேன், அப்பாவின் கூட்டாளி. மாடி ஏறினால் இளைப்பு, வேறு ஒன்றும் இல்லை என்றார். டாக்டர் வேலையைக் கேட்டார். மாமா வழக்கம்போல "டீக்கடை வெச்சிருந்தேன் சார்" என்றார். நான் போட்டோவை எடுத்து மேசை மேல் வைத்தேன். டாக்டர் மூட்டையைக் காட்டி, இது என்ன என்றார். அங்கே இருந்து அரை மணி நேரம் மாமா பேசினார். தொட்டி, கோழிவலை, பழைய பூச்சை உதிர்ப்பது, பவுடர் போட்ட மாப்பிள்ளை எல்லாம். எங்கள் அப்பா பெயரையும் சொன்னார்.

ஸ்கேன் பார்த்தாயிற்று. சவ்வில் அங்கங்கே சுண்ணாம்பு படிந்த தழும்பு. பிளாக் என்பார்கள். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறவும் மாறாது. உள்ளே கல்நார் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். நீர் இல்லை. வருடம் ஒரு தடவை வரச் சொன்னார்.

சீட்டின் மேல் வரியில் டாக்டர் எழுதியது: கல்நார், லேக்கிங், 1974 முதல் 1988 வரை. மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படி என்றார். பிறகு அதை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார்.

வருகிற ஞாயிறு ஆவடிக்குப் போகிறேன்.